வெப் பக்கத்தில் உள்ள டேபிளை எக்ஸெலுக்குக் கொண்டு வருவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் சந்தேகம் இது. "ஒரு வெப் பக்கத்தில் அட்டவணை இருக்கிறது. முப்பது, நாற்பது வரிகள். அதை எக்ஸெலில் உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டியதுதானா?" வேண்டியதில்லை. அதற்கான வசதிகள் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கின்றன. பெரும்பாலும் தனியாக எந்த சாப்ட்வேரும் விலை கொடுத்து வாங்க வேண்டாம். ஆனால் எடுத்து வந்த எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் என்ன ஆகும் என்பதையும் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். அது என் வீட்டிலேயே நடந்தது.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். அப்பாவுக்கு ஆற்றுப் பாசனம்தான், போர்வெல் கிடையாது. மேட்டூர் அணையில் தண்ணீர் இருந்தால் குறுவை, இல்லாவிட்டால் சம்பா மட்டும். வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி அணை திறக்க வேண்டும். தண்ணீர் போதாத ஆண்டுகளில் அது தள்ளிப் போகும். ஆகவே மே மாதம் பிறந்தாலே அப்பா ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு தினமும் அணை நிலவரம் எழுதத் தொடங்கிவிடுவார். தேதி, நீர்மட்டம், இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம். முழுக் கொள்ளளவு 120 அடி, 93.47 டிஎம்சி என்பது எங்கள் வீட்டில் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். முன்பு ரேடியோவில் கேட்டு எழுதினார், பிறகு பேப்பர் பார்த்து, இப்போது மொபைலில் ஒரு இணையதளத்தைப் பார்த்து எழுதுகிறார். பி.இ. முடித்து சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் இருக்கும்போது அப்பா கையால் எழுதுவதா என்று எனக்குத் தோன்றியது. அங்கேதான் ஆரம்பித்தது வினை. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் பாடம்.

டேபிள் என்பது என்ன?

நம் கண்ணுக்குக் கட்டம் கட்டமாகத் தெரிவதை பிரவுசர் அப்படிப் பார்ப்பதில்லை. வெப் பக்கம் எல்லாமே எச்டிஎம்எல் என்னும் குறிப்பு மொழியில் எழுதப்பட்ட வெறும் எழுத்துகள்தான். அதில் "டேபிள்" என்ற டேக் வந்தால் இங்கே அட்டவணை தொடங்குகிறது என்று பொருள். அதற்குள் "டிஆர்" என்பது ஒரு வரிசை. அந்த வரிசைக்குள் "டிடி" என்பது ஒரு கட்டம். தலைப்புக் கட்டமாக இருந்தால் "டிஹெச்". ஏதாவது ஒரு வெப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி யு கீயைத் தட்டிப் பாருங்கள். அந்தப் பக்கத்தின் சோர்ஸ் அப்படியே திறக்கும். பயப்பட வேண்டாம், பார்த்தால் எதுவும் கெட்டுப் போகாது. கண்ட்ரோல் + எஃப் அழுத்தி ஆங்கிலத்தில் டேபிள் என்று தேடினால் அந்த டேக் எங்கே இருக்கிறது என்று காட்டும்.

இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு லாபம் உண்டு. அட்டவணையை எடுத்துத் தரும் சாப்ட்வேர்கள் எல்லாம் இந்த டேக்கைத்தான் தேடுகின்றன. டேக் இருந்தால் வேலை நிமிடத்தில் முடியும். சில பக்கங்களில் அட்டவணை போலவே தோன்றும், ஆனால் உள்ளே டேபிள் டேக் இருக்காது. வெறும் பெட்டிகளை அடுக்கி அட்டவணை மாதிரி செய்திருப்பார்கள். அல்லது பக்கம் திறந்த பிறகு ஜாவாஸ்கிரிப்ட் வந்து கட்டங்களை நிரப்பும். அங்கே எளிய வழிகள் கைகொடுக்காமல் போகலாம்.

பழகிப் பார்க்க ஒரு பக்கம் வேண்டுமே! விக்கிப்பீடியாவில் தமிழ்நாட்டு மாவட்டங்களைப் பட்டியலிடும் ஆங்கிலப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாநிலத்தில் 38 மாவட்டங்கள் என்பது நமக்குத் தெரியும். 38-ஆவதாக மயிலாடுதுறை 2020-இல் வந்தது. ஆகவே எடுத்து வந்த பட்டியலில் 38 வரிசை இருக்கிறதா என்று உடனே எண்ணிப் பார்த்துவிடலாம். விடை தெரிந்த கணக்கில் பழகுவதுதான் நல்லது.

முதல் வழி: காப்பி, பேஸ்ட்

இது தெரியாதவர்கள் இல்லை. அட்டவணையின் முதல் கட்டத்தில் மவுஸை வைத்து இழுத்து, கடைசிக் கட்டம் வரை தேர்வு செய்து, கண்ட்ரோல் + சி. எக்ஸெலில் ஏ1 செல்லில் ரைட் கிளிக் செய்து, பேஸ்ட் ஆப்ஷன்களில் "மேட்ச் டெஸ்டினேஷன் ஃபார்மேட்டிங்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் கண்ட்ரோல் + வி கொடுத்தால் வெப் பக்கத்தின் கலர், எழுத்துரு, லிங்க் எல்லாமும் சேர்ந்து வந்து குப்பையாகும்.

இதில் ஒரு பொறி உண்டு. பூஜ்யத்தில் தொடங்கும் எண்கள், உதாரணமாக 0435 என்ற எஸ்டிடி கோடு, எக்ஸெலில் 435 ஆகிவிடும். முன்னால் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று எக்ஸெல் தானாக முடிவு செய்து தூக்கிவிடுகிறது. பேஸ்ட் செய்வதற்கு முன் அந்தக் காலத்தைத் தேர்வு செய்து, "ஹோம்" டேபில் "ஜெனரல்" என்று இருப்பதை "டெக்ஸ்ட்" என்று மாற்றிவிடுங்கள். பேஸ்ட் செய்த பிறகு மாற்றினால் போன பூஜ்யம் திரும்பி வராது.

ஒரே ஒரு முறைதான் தேவை என்றால் காப்பி, பேஸ்ட்டே போதும். தினமும் அதே பக்கத்துக்குப் போய் அதே அட்டவணையை எடுக்க வேண்டும் என்றால்தான் அடுத்த வழிகள்.

இரண்டாம் வழி: எக்ஸெலே போய் எடுத்து வரட்டும்

எக்ஸெலில் இந்த வசதி பல ஆண்டுகளாகவே இருக்கிறது. எக்ஸெல் 2003 பயன்படுத்தியவர்களுக்கு நினைவிருக்கலாம். "நியூ வெப் க்வெரி" என்று கொடுத்தால் ஒரு சின்ன ஜன்னலில் வெப் பக்கம் திறக்கும், ஒவ்வொரு டேபிளின் மூலையிலும் மஞ்சள் அம்புக்குறி தெரியும். எக்ஸெல் 2016 முதல் அந்த இடத்துக்குப் "பவர் க்வெரி" வந்துவிட்டது. விண்டோஸில் இயங்கும் எக்ஸெலில் செய்ய வேண்டியது இதுதான்.

முதலில் பிரவுசரில் அந்தப் பக்கத்தின் முகவரியை காப்பி செய்து கொள்ளுங்கள். எக்ஸெலில் புதிய ஒர்க்புக் திறந்து "டேட்டா" டேபுக்குச் செல்லுங்கள். இடது ஓரத்தில் "ஃப்ரம் வெப்" என்ற பட்டன் இருக்கும். அதைக் கிளிக் செய்தால் முகவரி கேட்கும். காப்பி செய்ததை அங்கே பேஸ்ட் செய்து ஓகே கொடுங்கள். முதல் முறை போகும் தளம் என்றால், எப்படி உள்ளே நுழைய வேண்டும் என்று இன்னொரு ஜன்னல் கேட்கும். பாஸ்வேர்ட் தேவைப்படாத பொதுப் பக்கம் என்பதால் "அனானிமஸ்" என்பதைத் தேர்வு செய்து "கனெக்ட்" கொடுங்கள். சில வினாடிகளில் "நேவிகேட்டர்" என்ற ஜன்னல் வரும். அந்தப் பக்கத்தில் எத்தனை டேபிள்கள் இருக்கின்றனவோ அத்தனையும் இடது பக்கம் பட்டியலாக நிற்கும். ஒவ்வொன்றாகக் கிளிக் செய்தால் வலது பக்கம் அதன் முன்தோற்றம் தெரியும். நமக்கு வேண்டியது கிடைத்ததும் "லோட்" கொடுங்கள். அவ்வளவுதான், ஷீட்டில் அட்டவணை வந்து உட்கார்ந்துவிடும்.

மறுநாள் அதே பைலைத் திறந்து "டேட்டா" டேபில் "ரெஃப்ரெஷ் ஆல்" கிளிக் செய்யுங்கள். எக்ஸெல் மறுபடி அந்தப் பக்கத்துக்குப் போய் அன்றைய எண்களை எடுத்து வந்து பழையதன் மேல் எழுதிவிடும். அதையும் கிளிக் செய்ய அலுப்பாக இருந்தால், "ரெஃப்ரெஷ் ஆல்" பட்டனின் கீழ் அம்பைத் திறந்து "கனெக்ஷன் ப்ராப்பர்ட்டீஸ்" செல்லுங்கள். பைலைத் திறக்கும்போதெல்லாம் புதுப்பிக்கவும், அல்லது இத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கவும் என்று டிக் செய்யும் கட்டங்கள் அங்கே இருக்கின்றன.

விக்கிப்பீடியா பட்டியலை எடுத்தவர்கள் இப்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். சில எண்களின் வாலில் [3], [5] என்று அடிக்குறிப்பு எண்கள் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அப்படி ஒட்டியிருந்தால் எக்ஸெல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது. எழுத்து என்றே நினைக்கும். கூட்டிப் பார்த்தால் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டுக் கூட்டும், எந்தப் பிழையும் காட்டாது. "ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்" கொடுத்து நீக்கலாம். ஆனால் அடுத்த ரெஃப்ரெஷில் திரும்ப வந்துவிடும். எனவே "லோட்" கொடுக்கும் இடத்தில் "ட்ரான்ஸ்ஃபார்ம் டேட்டா" கொடுத்து உள்ளே செல்லுங்கள். அந்தக் காலத்தைத் தேர்வு செய்து, "ட்ரான்ஸ்ஃபார்ம்" டேபில் "எக்ஸ்ட்ராக்ட்" என்பதன் கீழ் "டெக்ஸ்ட் பிஃபோர் டிலிமிட்டர்" என்பதைக் கிளிக் செய்து, டிலிமிட்டராக [ என்ற சதுர அடைப்புக்குறியைக் கொடுங்கள். அடைப்புக்குறிக்கு முன்னால் இருப்பது மட்டும் தங்கும். நீங்கள் செய்த இந்த வேலையை எக்ஸெல் நினைவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ரெஃப்ரெஷின் போதும் தானே செய்துவிடும். பிறகு அந்தக் காலத்தின் வகையை எண் என்று மாற்றிக்கொள்ளலாம்.

தேதியிலும் இதே போன்ற தொல்லை உண்டு. 05/06/2024 என்பது நமக்கு ஜூன் 5. அமெரிக்க முறையில் செட் செய்யப்பட்ட கம்ப்யூட்டருக்கு மே 6. 12-க்கு மேற்பட்ட நாள் வந்தால்தான் கம்ப்யூட்டர் திணறும். அதற்குள் இருந்தால் மவுனமாக மாற்றிப் போட்டுவிடும். "ட்ரான்ஸ்ஃபார்ம் டேட்டா"வுக்குள் காலத்தின் தலைப்பில் ரைட் கிளிக் செய்து, "சேஞ்ச் டைப்" என்பதில் "யூஸிங் லோக்கேல்" தேர்ந்தெடுத்து, "டேட்" என்றும் "இங்கிலீஷ் (இந்தியா)" என்றும் கொடுத்துவிட்டால் இந்தத் தகராறு தீரும். முன்பே தானாக ஒரு "சேஞ்ச்டு டைப்" படி சேர்ந்திருந்தால், வலது பக்கப் பட்டியலில் அதை முதலில் நீக்கிவிட்டு இதைச் செய்யுங்கள்.

எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸின் கால்க் பயன்படுத்தலாம். இலவசம். "ஷீட்" மெனுவில் "எக்ஸ்டர்னல் லிங்க்ஸ்" சென்று முகவரியைக் கொடுத்து என்டர் தட்டினால், அங்கேயும் டேபிள்களின் பட்டியல் வரும்.

மூன்றாம் வழி: கூகுள் ஷீட்ஸ்

மொபைலிலும் பார்க்க வேண்டும், நாலு பேருக்கும் காட்ட வேண்டும் என்றால் கூகுள் ஷீட்ஸ்தான் வசதி. ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும். புதிய ஷீட்டில் ஏ1 செல்லில் சமக்குறி போட்டு ஆங்கிலத்தில் "இம்போர்ட்" என்று தட்டத் தொடங்குங்கள். அந்தப் பெயரில் ஆரம்பிக்கும் ஃபங்ஷன்கள் வரிசையாக விழும். அவற்றில் "இம்போர்ட்எச்டிஎம்எல்" என்பதைத் தேர்வு செய்யுங்கள். அடைப்புக்குறிக்குள் மூன்று செய்திகள் கொடுக்க வேண்டும். முதலில் இரட்டை மேற்கோளுக்குள் பக்கத்தின் முழு முகவரி. கமா. அடுத்து இரட்டை மேற்கோளுக்குள் ஆங்கிலத்தில் டேபிள் என்ற சொல். கமா. கடைசியாக அந்தப் பக்கத்தில் எத்தனையாவது டேபிள் என்ற எண். 1, 2, 3 என்று போட்டுப் பார்த்து நமக்கு வேண்டியதைக் கண்டுபிடிக்கலாம். அடைப்பை மூடி என்டர் தட்டுங்கள். வெளித் தளத்திலிருந்து எடுக்க அனுமதி கேட்டால் "அலோ அக்சஸ்" கொடுங்கள்.

ஷீட் திறந்திருக்கும்போது ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை அது தானே புதுப்பித்துக்கொள்ளும். புதிய எண் வந்தால் பழையது போய்விடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். நேற்றைய எண்ணும் வேண்டும் என்றால் அன்றன்று அந்த வரிசையை காப்பி செய்து, இன்னொரு ஷீட்டில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + வி அழுத்தி மதிப்பை மட்டும் பேஸ்ட் செய்து வைக்க வேண்டும்.

அப்பாவுக்கு நான் செய்து கொடுத்தது இந்த மூன்றாம் வழியில்தான். அணைகளின் நிலவரம் வெளியிடும் ஒரு தளத்தின் டேபிளை ஒரு ஷீட்டில் இறக்கினேன். அதில் பல அணைகள் இருக்கும். நமக்கு மேட்டூர் மட்டும் போதும் என்பதால் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் நான்கே எண்கள் தெரியும்படி வைத்தேன். அதற்கு "வி லுக்கப்" ஃபங்ஷனைப் பயன்படுத்தினேன். மேட்டூர் என்ற வரிசையைக் கண்டுபிடி, அதில் மூன்றாவது காலத்தில் இருப்பதைக் காட்டு என்று சொல்வது அது. முதல் காலம் அணையின் பெயர், இரண்டாவது முழு உயரம், மூன்றாவது அன்றைய நீர்மட்டம். வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. லிங்க்கை அப்பாவுக்கும் உறவினர் நாலைந்து பேருக்கும் அனுப்பினேன். "பரவாயில்லையே, தம்பி படிச்ச படிப்பு ஊருக்கு உதவுது" என்று பெரியப்பா போன் செய்து சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

2024 மே மாதக் கடைசி. அந்த வருடம் அணையில் தண்ணீர் இல்லை. ஐம்பது அடியை ஒட்டித்தான் நீர்மட்டம் இருந்தது. அந்தச் சமயம் பார்த்து அந்தத் தளத்துக்காரர்கள் டேபிளில் புதிதாக ஒரு காலம் சேர்த்தார்கள். சென்ற ஆண்டு இதே நாளில் நீர்மட்டம் என்ன என்று. நல்ல வசதிதான், அவர்கள் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதை மூன்றாவது காலமாகச் சேர்த்துவிட்டார்கள். என் ஃபார்முலாவுக்கு இது தெரியுமா? மூன்றாவது காலத்தைக் காட்டச் சொன்னேன், காட்டியது. 2023-இல் அதே சமயம் அணையில் நூறு அடிக்கு மேல் தண்ணீர் இருந்தது. ஆக, என் ஷீட்டில் பெரிய எழுத்தில் 103 என்று நின்றது. சிவப்பும் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை.

எங்கள் பெரியப்பா மகன், அண்ணன், அப்போதுதான் திருப்பூரிலிருந்து வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்தார். தினசரி நிலவரம் பார்த்துப் பழக்கம் இல்லாதவர். ஷீட்டைப் பார்த்தார். நூற்று மூன்று அடி இருக்கிறது, ஜூன் 12-க்குத் திறந்துவிடுவார்கள் என்று எண்ணி, நாற்றங்கால் விட ஆடுதுறை 36 விதை நெல்லுக்குச் சொல்லிவிட்டு, உழவுக்கு டிராக்டர்காரருக்கு அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். தற்செயலாக டீக்கடையில் அப்பாவிடம் இதைச் சொல்லியிருக்கிறார்.

அன்று ராத்திரி அப்பா போன் செய்தார். "ஏம்ப்பா, உன் ஷீட்டுல நூத்தி மூணுன்னு காட்டுதாமே? என் நோட்டுல ஐம்பதுதானே இருக்கு. ராவோட ராவா ஐம்பத்தி மூணு அடி தண்ணி எங்கேருந்து வந்துச்சு?" நான் ஷீட் கொடுத்த பிறகும் அவர் நோட்டில் எழுதுவதை நிறுத்தவே இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

விதை நெல்லைத் தடுத்துவிட்டோம். அட்வான்ஸைப் பிறகு சம்பா உழவில் கழித்துக்கொள்வதாக டிராக்டர்காரர் ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டு ஜூன் 12-இல் அணை திறக்கவில்லை. ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். நாற்று விட்டிருந்தால் அத்தனையும் வயலிலேயே முற்றிக் காய்ந்திருக்கும். அண்ணன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

தவறு எங்கே? "மூன்றாவது காலம்" என்று இடத்தைச் சொன்னதில். பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். "வி லுக்கப்"பில் 3 என்று எண் போடும் இடத்தில் "மேட்ச்" என்ற ஃபங்ஷனை வைத்தேன். அதற்கும் மூன்று செய்திகள். தேட வேண்டிய தலைப்பு, எந்த வரிசையில் தேட வேண்டும் என்பது, கடைசியில் 0. பூஜ்யம் என்றால் அச்சு அசலாக அதே தலைப்பு இருக்க வேண்டும் என்று அர்த்தம். இப்போது அந்தக் காலம் எந்த இடத்துக்கு நகர்ந்தாலும் தேடிப் பிடித்துவிடும். தலைப்பையே மாற்றிவிட்டால் பிழை காட்டும். தவறான எண்ணைக் காட்டுவதைவிடப் பிழை காட்டுவது ஆயிரம் மடங்கு மேல். தலைப்பை நீங்கள் தட்டச்சு செய்யாமல் பக்கத்திலிருந்தே காப்பி செய்து போடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ் கூட இருந்தாலும் பொருந்தாது.

இரண்டாவதாக ஒரு காவல் வைத்தேன். நேற்றைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் வித்தியாசம் 5 அடிக்கு மேல் போனால் அந்தச் செல் சிவப்பாக மாற வேண்டும். "ஃபார்மேட்" மெனுவில் "கண்டிஷனல் ஃபார்மேட்டிங்" சென்று இதை அமைக்கலாம். நீங்கள் எடுப்பது தங்கம் விலையாக இருந்தாலும் காய்கறி விலையாக இருந்தாலும், ஒரு நாளில் எவ்வளவு மாறினால் சந்தேகப்பட வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் வழி: பவர் ஆட்டோமேட்

பட்டியல் ஒரே பக்கத்தில் முடியாமல் "நெக்ஸ்ட்" கொடுத்துக் கொடுத்துப் போக வேண்டியிருந்தால், அல்லது டேபிள் டேக் இல்லாத பக்கமாக இருந்தால், மேலே சொன்னவை போதாது. நாம் மவுஸால் செய்வதை அப்படியே செய்து காட்டும் ஆட்டோமேஷன் சாப்ட்வேர் வேண்டும். மைக்ரோசாஃப்ட் "பவர் ஆட்டோமேட்" என்ற சாப்ட்வேரின் டெஸ்க்டாப் பதிப்பை 2021 மார்ச்சில் விண்டோஸ் 10 பயனாளர்களுக்குக் கூடுதல் கட்டணம் இல்லாமல் கொடுத்தது. விண்டோஸ் 11-இல் அது கூடவே வருகிறது. ஸ்டார்ட் மெனுவில் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு தேவை.

திறந்ததும் "நியூ ஃப்ளோ" கொடுத்து ஒரு பெயர் வையுங்கள். இடது பக்கம் "ஆக்ஷன்ஸ்" என்ற நீளமான பட்டியல் இருக்கும். அதில் "பிரவுசர் ஆட்டோமேஷன்" என்பதைத் திறந்து "லாஞ்ச் நியூ மைக்ரோசாஃப்ட் எட்ஜ்" என்பதை இழுத்து நடுவில் விடுங்கள். பக்கத்தின் முகவரியைக் கேட்கும். கொடுத்து "சேவ்" செய்யுங்கள். எட்ஜ் பிரவுசரில் பவர் ஆட்டோமேட் எக்ஸ்டென்ஷனையும் நிறுவியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இது பிரவுசருக்குள் எட்டிப் பார்க்க முடியாது. பலர் முதலில் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

அடுத்து "எக்ஸ்ட்ராக்ட் டேட்டா ஃப்ரம் வெப் பேஜ்" என்ற ஆக்ஷனை இழுத்து அதன் கீழே விடுங்கள். அதன் ஜன்னல் திறந்திருக்கும்போதே, எட்ஜில் நம் பக்கத்தை முன்னால் கொண்டு வாருங்கள். "லைவ் வெப் ஹெல்ப்பர்" என்ற சின்ன ஜன்னல் தோன்றும். மவுஸை நகர்த்தினால் ஒவ்வொரு பகுதியையும் சுற்றிச் சிவப்புக் கட்டம் ஓடும். அட்டவணையின் ஏதாவது ஒரு கட்டத்தில் ரைட் கிளிக் செய்து, "எக்ஸ்ட்ராக்ட் என்டையர் எச்டிஎம்எல் டேபிள்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் மொத்த டேபிளும் வந்துவிடும். டேபிள் டேக் இல்லாத பக்கம் என்றால், முதல் பொருளின் பெயரில் ரைட் கிளிக் செய்து அதன் டெக்ஸ்ட்டை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது பொருளின் பெயரிலும் அப்படியே செய்யுங்கள். இரண்டைக் காட்டியதும், மீதி எல்லாம் இதே மாதிரிதான் என்று அது புரிந்துகொண்டு முழுப் பட்டியலையும் பிடித்துவிடும். முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

பல பக்கங்கள் இருந்தால் "நெக்ஸ்ட்" லிங்க்கில் ரைட் கிளிக் செய்து "செட் எலிமென்ட் அஸ் பேஜர்" கொடுங்கள். எத்தனை பக்கம் வரை போக வேண்டும் என்று வரம்பு வைத்துவிடுங்கள். முதலில் 2 என்று வைத்துச் சோதிப்பது நல்லது. "ஃபினிஷ்" கொடுத்த பிறகு, எடுத்ததை எக்ஸெல் ஸ்ப்ரெட்ஷீட்டில் வைக்கச் சொல்லி "சேவ்" செய்து "ரன்" பட்டனை அழுத்துங்கள். பிரவுசர் தானே திறந்து, பக்கம் பக்கமாகப் புரட்டி, கடைசியில் எக்ஸெலில் கொண்டு வந்து கொட்டும். இலவசக் கணக்கில், குறித்த நேரத்தில் தானாக ஓட வைக்க முடியாது. ரன் பட்டனை நீங்கள்தான் அழுத்த வேண்டும்.

எடுக்கலாமா, கூடாதா?

திரையில் தெரிகிறது என்பதால் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்துவிடலாம் என்று அர்த்தம் இல்லை. எந்தப் பகுதிக்குத் தானியங்கி சாப்ட்வேர்கள் வரக்கூடாது என்பதை "ரோபாட்ஸ்" என்ற ஒரு சிறிய டெக்ஸ்ட் பைலில் பல தளங்கள் எழுதி வைத்திருக்கும். இந்த வழக்கம் 1994-லேயே தொடங்கியது. தளத்தின் பயன்பாட்டு விதிகளிலும் இதைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். ஒரு முறை படித்துவிடுங்கள். மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ச்சா வைத்த பக்கத்தில் சாப்ட்வேரை ஏவாதீர்கள். வேண்டாம் என்று அவர்கள் சொல்வதன் அடையாளம் அது. மற்றவர்களின் பெயர், போன் எண், தேர்வு மதிப்பெண் போன்றவை இருக்கும் பட்டியலைத் திரட்டவே வேண்டாம். தனிநபர் தகவல் பாதுகாப்புக்கென்று 2023-இல் நம் நாட்டில் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. அடுத்து, வேகம். மனிதன் நிமிடத்துக்கு நாலு பக்கம் பார்ப்பான். சாப்ட்வேர் நானூறு கேட்கும். சிறிய தளம் திணறிப் போய்விடும். பல பக்கங்களைப் புரட்டும் ஃப்ளோவில் "வெயிட்" ஆக்ஷனைச் சேர்த்துச் சில வினாடி இடைவெளி விடுங்கள். நாளைக்கு ஒரு முறை மாறும் தகவலை நிமிடத்துக்கு ஒரு முறை எடுப்பதில் யாருக்கு என்ன லாபம்?

அட்டவணை பிடிஎஃப் பைலாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 365 எக்ஸெலில் "கெட் டேட்டா" என்பதன் கீழ் "ஃப்ரம் ஃபைல்", அதில் "ஃப்ரம் பிடிஎஃப்" என்று இருக்கிறது. மீதி எல்லாம் இரண்டாம் வழியைப் போலத்தான். ஸ்கேன் செய்த படமாக இருந்தால் மட்டும் அது உதவாது.

இனி நீங்கள் செய்து பாருங்கள். மாவட்டப் பட்டியலை இரண்டாம் வழியிலும் மூன்றாம் வழியிலும் எடுங்கள். இரண்டிலும் 38 வரிசை வருகிறதா, தலைப்பு வரிசையும் சேர்ந்து 39 ஆகிறதா, பரப்பளவுக் காலத்தைக் கூட்டினால் இரண்டிலும் ஒரே விடை வருகிறதா என்று பாருங்கள். விடை வேறுபட்டால் ஏதோ ஒரு கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக எழுத்து இருக்கிறது. அது எது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த மாதப் பயிற்சி. ஒரு குறிப்பு தருகிறேன். எக்ஸெலில் எண்கள் வலது ஓரமாக ஒதுங்கும். எழுத்துகள் இடது ஓரமாக நிற்கும்.

அந்த 2024 ஜூலைக் கடைசியில் கர்நாடகத்தில் நல்ல மழை. காவிரியில் வெள்ளம் வந்து, மேட்டூர் ஒரு நாளைக்குப் பல அடி என்று ஏறி, ஜூலை 30-இல் 120 அடியைத் தொட்டது. நான் வைத்த சிவப்பு எச்சரிக்கை அந்த வாரம் அணையவே இல்லை. அப்பா போன் செய்தார். "உன் ஷீட்டு செவப்பா நிக்குதுப்பா. நோட்டுல பாத்துட்டேன். இந்தத் தடவ நெசந்தான்."